சிகரெட்டுக்கு ஆட்டம் காட்டுகிறவர்கள்

ஆபரேஷன் மேஜையில் ஒரு நோயாளி. வாழ்நாள் முழுக்க ஊதித் தள்ளியவர். போதாக்குறைக்கு, சிகரெட் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர். டாக்டர் கத்தியைத் தொடவில்லை. என்ன செய்கிறார் தெரியுமா? தன்னையே கடுகளவுக்குச் சுருக்கிக்கொண்டு நோயாளியின் உடம்புக்குள் புகுந்துவிடுகிறார்! பல்லில் படிந்த கறையைச் சுடுகிறார். மூச்சுக்குழாய் வழியாக இறங்கி, நுரையீரலில் அப்பிக்கிடக்கும் தாரைச் சுடுகிறார். நோயாளி பிழைத்து உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்று சிகரெட் கம்பெனி அனுப்பிவைத்த குட்டி எந்திரங்கள் வேறு வழிமறிக்கின்றன. அவற்றையும் சுடுகிறார்.

விட்டலாச்சார்யா படம் இல்லைங்க. 1994-இல் சூப்பர் நின்டெண்டோவுக்காக அமெரிக்காவின் ரேயா சிஸ்டம்ஸ் வெளியிட்ட வீடியோ கேம் இது. பெயர் 'ரெக்ஸ் ரோனன்: எக்ஸ்பெரிமென்டல் சர்ஜன்'.

இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பீடி சிகரெட்டை விடவைக்க விளையாட்டா? எந்தப் புண்ணியவான்கள் உட்கார்ந்து இதையெல்லாம் யோசிக்கிறார்கள்? வாங்க, திரையைக் கொஞ்சம் விலக்கி உள்ளே ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடுவோம். புறப்படும் இடம் புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை. வழியில் பிளைமவுத், கியூபெக், மிண்டனாவோ எல்லாம் வரும். டிக்கெட் கிடையாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரெக்ஸ் ரோனன் மாதிரியான ஆட்டங்கள் பையன்களைப் பயமுறுத்தி, சிகரெட் பக்கமே போகாமல் தடுக்கப் பிறந்தவை. ஏற்கெனவே இருபது வருஷமாகப் பிடிக்கிற ஆளிடம் அந்த வித்தை பலிக்காது. நம் ஊர்ப் பாக்கெட்டுகளில் 2016-லிருந்து 85 சதவிகித இடத்தை எச்சரிக்கைப் படம்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தின் மேலேயே தட்டித் தட்டி ஒன்றை உருவிப் பற்றவைக்கிற ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்கள் பயத்தைக் கைவிட்டார்கள். அவர்கள் குறிவைத்தது நுரையீரலை அல்ல, ஒரு மூன்று நிமிஷத்தை.

அந்த மூன்று நிமிஷம் எங்கே இருக்கிறது? வல்லத்திராக்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். நேற்று ராத்திரிதான் "இனிமே தொடமாட்டேன்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். இப்போது டீ வந்துவிட்டது. வலது கையில் கிளாஸ். இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவுகிறது. பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் தீக்குச்சி உரசுகிறார். அவ்வளவுதான், தலைக்குள் படம் ஓட ஆரம்பித்துவிடும்! அந்த வாசனை, முதல் இழுப்பு, நெஞ்சுக்குள் இறங்கும் காரம், எல்லாம் கலர் கலராக வரும். புகையை இழுத்தால் நிக்கோட்டின் பத்து விநாடி வாக்கில் மூளையை எட்டிவிடும் என்பது அவருக்குப் பாடமாகத் தெரியாது. அவருடைய மூளைக்கு மனப்பாடம்.

இந்த ஆசை சாயங்காலம் வரை நீடிப்பதில்லை. பெரும்பாலும் சில நிமிஷத்தில் எழுந்து, உச்சிக்குப் போய், தானே வடிந்துவிடும். அந்தச் சில நிமிஷத்தைத் தாண்டத்தான் ஆள் திணறுகிறார். இங்கேதான் நம் பயணத்தின் முதல் பட்டறை வருகிறது.

இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகம். ஜாக்கி ஆண்ட்ரேட், ஜான் மே என்று இரண்டு உளவியல் பேராசிரியர்கள், அவர்களோடு ஆராய்ச்சி மாணவி ஜெசிகா ஸ்கோர்கா பிரவுன். ஆசை என்பது மனசுக்குள் ஓடும் படம் என்றால், அந்தத் திரையை வேறு படத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டால் என்ன? மனத்திரையில் ஒரே நேரத்தில் இரண்டு படம் தெளிவாக ஓடாதே! அப்படியானால் கண்ணையும் மனசையும் முழுசாகப் பிடுங்கிக்கொள்ளும் ஆட்டம் ஒன்று வேண்டும். அவர்கள் எடுத்தது எது தெரியுமா? புத்தம் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸ்! 'வீடியோ கேம்' என்று பொருட்காட்சிக் கடைகளில் விற்ற பொம்மைப் பெட்டியில், மேலேயிருந்து கட்டம் கட்டமாக விழுமே, அதேதான். விழுகிற கட்டையை மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்த்து, எந்தப் பள்ளத்தில் பொருந்தும் என்று கணக்குப் போட வேண்டும். அந்த நேரத்தில் பீடியைக் கற்பனை செய்யத் தலைக்குள் இடம் ஏது?

2015-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 31 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு வாரம் முழுக்க, நாளுக்கு ஏழு தடவை, அவர்கள் கையிலிருந்த ஐபாட் கூப்பிட்டது: "இப்போது ஏதாவது ஆசை இருக்கிறதா? எவ்வளவு?" ஒரு பிரிவினருக்குக் கேள்வியோடு சரி. இன்னொரு பிரிவினருக்குக் கேள்வி முடிந்ததும் மூன்று நிமிஷம் டெட்ரிஸ். ஆட்டம் முடிந்தபோது, 70 சதவிகிதத்தில் நின்ற ஆசை 56-க்கு இறங்கியிருந்தது. இதில் சிகரெட்டோடு காபி, மது, சாப்பாடு, தூக்கம் என்று பல ஆசைகளும் கலந்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைத் துள்ளவைத்த செய்தி வேறு. அவர்கள் வாரத்தில் சராசரியாக நாற்பது தடவை ஆடியும் அந்தப் பலன் தேயவில்லையாம். நாற்பது தடவை டெட்ரிஸ் ஆடினால் எனக்கு டெட்ரிஸ் மேலேயே வெறுப்பு வந்திருக்கும்!

70-இலிருந்து 56 என்றால் ஆசை அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தணல் இருக்கிறது, அடுப்பைக் கொஞ்சம் தணித்திருக்கிறார்கள். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம் ஆளுக்கு அந்தப் பதினாலு போதும். டீயைக் குடித்து முடித்து, காசு கொடுத்து, எழுந்து போய்விடலாம்.

அடுத்த பட்டறை இன்னும் ரகளை. கனடாவின் கியூபெக் மாகாணம், 2009. பெனுவா ஜிரார் என்பவரின் குழு புகைபிடிக்கும் 91 பேரைத் திரட்டியது. கண்ணில் மெய்நிகர் கண்ணாடி மாட்டி ஒரு கற்பனை உலகத்துக்குள் அனுப்பினார்கள். உள்ளே அங்கங்கே சிகரெட் கிடக்கும். தேடிப் பிடித்து, கையால் நசுக்க வேண்டும். நசுக்கு! இன்னொன்றா, அதையும் நசுக்கு! இது ஒரு கோஷ்டி. இன்னொரு கோஷ்டிக்கும் அதே கண்ணாடி, அதே உலகம். சிகரெட்டுக்குப் பதில் பந்து, நசுக்குவதற்குப் பதில் பிடித்தால் போதும். பாவம், அவர்கள் கடைசிவரை பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோஷ்டிக்கும் சிகிச்சையும் ஆலோசனையும் ஒன்றுதான். பன்னிரண்டாவது வாரம் பார்த்தால், நசுக்கியவர்களில் 15 சதவிகிதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பந்து பொறுக்கியவர்களில் 2 சதவிகிதம். அதுமட்டுமில்லை, நசுக்கிய கோஷ்டி சிகிச்சைக்கு நடுவில் காணாமல் போவதும் குறைவாக இருந்தது. வஞ்சம் தீர்க்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவாவது மறுபடி வருவார்கள் போலிருக்கிறது.

லண்டனில் இதையே செல்போன் திரைக்குக் கொண்டுவந்தார்கள். கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹோப் கேட்டனும், குயின் மேரி பல்கலைக்கழக மருத்துவர் ராபர்ட் வால்டனும் உருவாக்கிய 'சிக்பிரேக்' ஆட்டத்தில் விரலால் இழுத்து இழுத்துச் சிகரெட்டை ஒடிக்கலாம்.  சிரித்துக்கொண்டே ஆடுகிறவருக்குத் தெரியாமல், ஆட்டத்துக்குள்ளேயே உளவியல் நிபுணர்களின் உத்திகளைப் பதுக்கிவைத்திருக்கிறார்கள். பிரான்ஸின் டோவினோ நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், சிகரெட்டை விடத் தவிக்கும் ஒரு பூனைக்குட்டியை உங்களிடம் ஒப்படைத்துவிட்டது. அதை நீங்கள் காப்பாற்ற வேண்டும். ஆளைத் திட்டினால் எரிச்சல் வரும், பூனைக்குட்டி இருமினால் மனசு கரையும். கெட்டிக்காரர்கள்!

இப்படிக் குதித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்த என்னை, கனடாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு பிடரியில் தட்டி உட்காரவைத்தது. 'கிரஷ் தி கிரேவ்' என்று ஒரு செயலி, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் புரூஸ் பாஸ்கர்வில் குழு உருவாக்கியது. மின்னுகிற பரிசு அட்டை, சேமித்த காசுக் கணக்கு, நண்பர்கள் பாராட்டு, எல்லாம் உண்டு. அதை 19 முதல் 29 வயது வரையுள்ள இளைஞர்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் செயலி, மீதிப் பேருக்கு அச்சடித்த சாதாரணக் கையேடு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு மாதமாகப் புகைக்காமல் இருந்தவர்கள் செயலியில் 7.8 சதவிகிதம், கையேட்டில் 9.2! சமன் என்றுதான் புள்ளியியல் சொல்லும். என்றாலும் கையேடு ஒரு நமுட்டுச் சிரிப்பு சிரித்திருக்கும்.

ஆக, மின்னுகிற திரை மட்டும் போதாது. என் கட்சி இதுதான்: தனியாக உட்கார்ந்து திரையைத் தேய்த்தால் அன்றைய மூன்று நிமிஷத்தைத் தாண்டலாம், வருஷத்தைத் தாண்ட, ஆட்டத்தை நாலு பேர் பார்க்க வேண்டும், கையிலிருந்து ஏதாவது போகவோ வரவோ வேண்டும். பொங்கல் விளையாட்டில் வழுக்கு மரம் ஏறுகிறவன் மேலே கட்டியிருக்கிற பண முடிப்புக்காக மட்டுமா ஏறுகிறான்? கீழே ஊரே நின்று கத்துகிறதே!

நாலு பேர் பார்க்கிற ஆட்டங்களும் உலகத்தில் நடந்திருக்கின்றன. 1980-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் 'விட்டால் வெல்லலாம்' என்ற பாணியில் ஒரு போட்டி கிளம்பியது. அதைப் பின்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு 1994-இல் சர்வதேசப் போட்டியாக்கினார்கள். 13 நாடுகள், ஏறக்குறைய 60,000 பேர். விதி ரொம்ப எளிமை: மே மாதம் நான்கு வாரம் புகைக்காமல் இருக்க வேண்டும். இருந்தவர்களின் பெயரைக் குலுக்கிப் போட்டுப் பரிசு.

குலுக்கல் என்றதும் இன்னொரு பட்டறை ஞாபகம் வருகிறது. நான்சி பெட்ரி என்ற அமெரிக்க உளவியலாளர் போதைப் பழக்கத்துக்காகக் கண்டுபிடித்த 'மீன் தொட்டி' வைத்தியம். தொட்டிக்குள் 500 சீட்டு. சுமார் பாதியில் "சபாஷ்!" என்று மட்டும் எழுதியிருக்கும். மீதியில் பெரும்பாலும் சின்னப் பரிசு. கொஞ்சம் பெரிய பரிசு. ஒரே ஒரு சீட்டில் ஜாக்பாட். சோதனையில் சுத்தமாக இருந்தால் கையை விட்டுச் சீட்டு எடுக்கலாம். அடுத்த தடவையும் சுத்தமென்றால் இரண்டு சீட்டு, பிறகு மூன்று. மூளையை ஏங்கவைப்பது எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான். சூதாட்டக்காரனின் ஆயுதத்தைப் பிடுங்கி, அதே போதையின் மேல் திருப்பிவிட்டார் அம்மணி.

கூடவே ஒரு கேள்வி. "நான் பிடிக்கலைங்க" என்று வாயால் சொன்னால் நம்பிவிடுவார்களா? அதற்குத்தான் மேடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. மூச்சை இழுத்துப் பதினைந்து விநாடி அடக்கி, மெதுவாக அதற்குள் ஊத வேண்டும். ரத்தத்தில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு மூச்சில் எவ்வளவு வருகிறது என்று எண் காட்டும். இந்த வாயு உடம்பில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஒரு நாள் பிடிக்காமல் இருந்தாலே எண் மளமளவென்று இறங்கிவிடும். நுரையீரல் தேற மாதக்கணக்காகும், ஆனால் ஸ்கோர் மறுநாளே தெரிந்துவிடும்! இதைவிட நல்ல ஸ்கோர்போர்டு எந்த ஆட்டக்காரனுக்குக் கிடைக்கும்?

சரி, பரிசு கொடுத்தால் நல்லதா, சொந்தக் காசைப் பந்தயம் கட்டவைத்தால் நல்லதா? இரண்டையும் பார்த்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் கிரீன் பேங்க் என்ற வங்கி, சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கியது. நீங்களே உங்கள் காசைப் போட்டுவர வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்ச் சோதனை. நிக்கோட்டின் இல்லையென்றால் காசு உங்களுக்கு. இருந்தால், மொத்தமும் தர்மத்துக்குப் போய்விடும்! ஜேவியர் ஜீனே, டீன் கார்லன், ஜொனாதன் ஜின்மன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2010-இல் இதன் முடிவை எழுதினார்கள். கேட்டவர்களில் 11 சதவிகிதம் பேர்தான் கணக்கு தொடங்கினார்கள். இருந்தும், இந்த வாய்ப்பு தரப்பட்ட மொத்தக் கூட்டத்தையும் தரப்படாத கூட்டத்தோடு ஒப்பிட்டால், ஆறு மாதத்தில் சோதனையில் தேறியவர்கள் 3 சதவிகிதப் புள்ளி அதிகம். ஒரு வருஷம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நடத்திய சோதனையிலும் அந்த வித்தியாசம் நின்றது. அப்போது பறிபோகக் காசுகூட இல்லை!

2015-இல் அமெரிக்காவில் ஸ்காட் ஹால்பெர்ன் குழு இன்னும் பெரிதாகச் செய்தது. 800 டாலர் பரிசு என்றதும் பத்துக்கு ஒன்பது பேர் சேர்ந்தார்கள். "முதலில் உன் காசு 150 டாலரை வை, ஜெயித்தால் அதோடு 650 சேர்த்துத் தருகிறோம்" என்றதும் 13.7 சதவிகிதம் பேர்தான் கிட்டே வந்தார்கள். அதனால் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பரிசுதான் முந்தியது: ஆறு மாதம் முழுக்க விட்டவர்கள் பரிசில் 15.7 சதவிகிதம், பந்தயத்தில் 10.2, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் 6. ஆனால் துணிந்து காசு வைத்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், அவர்கள்தான் அடித்து ஆடினார்கள்.

இப்போது ஊருக்குத் திரும்புவோம். இதையெல்லாம் படிக்கிற வல்லத்திராக்கோட்டைக்காரர், "இதுல புதுசா என்னப்பா இருக்கு?" என்று கேட்டால் ஆச்சரியப்பட மாட்டேன். புதுக்கோட்டை மாவட்டம் இந்த வித்தையை ஏற்கெனவே ஆடிக் காட்டியிருக்கிறது. 1991-இல் எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், படிப்போடு சைக்கிளையும் பெண்கள் கையில் கொடுத்தார். வகுப்பெடுத்து மட்டும் விட்டுவிடவில்லை. கற்றதைக் காட்டக் கண்காட்சியும் போட்டியும் சேர்த்து நடத்தினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தையே கலக்கிவிட்டார்கள். அந்தப் போட்டிகளில் மொத்தம் 70,000-க்கும் அதிகமான பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஒரு பழக்கத்தை ஊர் முன்னால் ஆட்டமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மண்ணுக்கு வெளியூர் ஆய்வு தேவையில்லை.

அப்படியானால் நம்ம ஊருக்கென்று ஓர் ஆட்டம் கட்டினால் எப்படி இருக்கும்? கற்பனைதான், ஆனால் சாமான் எல்லாம் கைவசம் இருக்கிறது. பந்தயக் காசுக்கு ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு நடத்தித் தேர்ந்த கைகள் உண்டு. மூச்சைச் சோதிக்கக் கபடி உண்டு. மூச்சு விடாமல் பாடிப் போக வேண்டிய ஆட்டத்தில் பீடிக்காரரின் குட்டு எத்தனை நேரம் மறைந்திருக்கும்? ஊதிப் பார்க்கும் பெட்டி ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தால் தீர்ந்தது.

வெளிநாட்டுக்காரர்களின் ஆட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டால் மட்டும் வேலைக்கு ஆகாது. அவர்கள் திரையில் ஒடிவது வெள்ளைச் சிகரெட். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிகரெட் பிடிக்கிற பெரியவர்கள் 4 சதவிகிதம்தான். பீடி பிடிக்கிறவர்கள் 7.7. ஆகவே நம் திரையில் இலை சுருட்டி நூல் கட்டிய பீடி வர வேண்டும். பீடிக்கு ஒரு தனிக் குணம் வேறு: இழுக்காமல் வைத்தால் அணைந்துபோகும். அதனால் நிமிஷத்துக்கு இழுப்பு அதிகம், கைக்கு வேலையும் அதிகம். அந்தக் கைக்கு மாற்று வேலை தராத ஆட்டம் தோற்கும்.

இன்னொரு சிக்கல், ஒரு நாள் தவறிவிட்டால்? பெரும்பாலான செயலிகள் "23 நாள்! 24 நாள்!" என்று ஏற்றிக்கொண்டே போய், கல்யாண வீட்டில் ஒன்றே ஒன்று பிடித்ததும் பூஜ்யத்தில் தள்ளிவிடும். ஆள் என்ன செய்வார்? "போனது போச்சு, ஒரு கட்டு வாங்கு" என்பார். இந்தச் சறுக்கலை அலன் மார்லட் என்ற உளவியலாளர் வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரு தடவை தவறுவதைவிட, தவறிய பிறகு வருகிற "நான் அவ்வளவுதான்" என்ற நினைப்புதான் ஆளை முழுசாகக் கவிழ்க்கிறது என்றார். நம் வீட்டுத் தாயக்கட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. வெட்டுப்பட்ட காய் மட்டும்தான் முதலிலிருந்து கிளம்பும். மற்ற காய்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். வல்லத்திராக்கோட்டை ஆட்டத்துக்கு அந்த விதியைத்தான் வைப்பேன். 24 நாள் சேர்த்த காசும் பெயரும் அப்படியே இருக்கட்டும். அந்த வாரக் குலுக்கல் மட்டும் கிடையாது.

ஆட்டம் வரும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிற ஏற்பாடு இரண்டு உண்டு. 2016-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கிய தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்: 1800-11-2356. காசு கிடையாது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸும் சேர்ந்துகொண்டது, தமிழிலும் பேசலாம். எந்த நாளில் விடப்போகிறீர்கள் என்று தேதி கேட்பார்கள், பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இன்னொன்று மிஸ்டு கால்: 011-22901701-க்குக் கொடுத்தால் குறுஞ்செய்தி வழியாகக் கேள்வி பதிலாக உங்களோடு பேசும். உலகச் சுகாதார நிறுவனம் கைகொடுத்த திட்டம், மிஸ்டு கால் மூளை மட்டும் சுத்த இந்திய மூளை! 2018 செப்டம்பரிலிருந்து அந்த 1800 எண் பாக்கெட்டிலேயே அச்சாகிறது. ஆனால் நம் டீக்கடையில் யார் பாக்கெட் வாங்குகிறார்கள்? ஒற்றையாக ஒன்று வாங்கிப் பற்றவைக்கிறவர் கண்ணில் எண் எப்படிப் படும்? இந்த ஓட்டையை எந்த அதிகாரி அடைக்கப்போகிறாரோ தெரியவில்லை.

என் ஆட்டத்தில் கடைசியாக ஒரு பதவி காலி: நடுவர். டீக்கடைக்காரரை வைக்க முடியாது, அவர் கல்லாவின் கட்சி. கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு வீட்டிலும் அஞ்சாவது படிக்கிற ஒரு பேத்தி இருப்பாள். "ஐயா, இங்கே வாங்க. எங்கே, ஊதுங்க பார்ப்போம்" என்று மூக்கை நீட்டுவாள். பேட்டரி வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். லஞ்சம் வாங்குவாளா என்று கேட்டால், கடலை மிட்டாய் விஷயத்தில் மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.